ஏழாம் அட்டை தாமதமாகும்

அக்காவின் குரல் தினமும் காலை ஒன்பது பத்துக்கு ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். "மூன்றாம் நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் ஐந்து நிமிடங்களில் புறப்படும்." ரயில் நிலையம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஒரு சொல் விடாமல் கேட்கும். அந்தப் பக்கம் அடித்தால் ராகம் மட்டும் வரும். அக்கா அங்கே இருபத்தாறு வருடம் அறிவிப்பாளராக இருந்தாள். கடைசி ஐந்து வருடத்தில் அவள் குரலைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார்கள். அதனால் அக்கா சமையலறையில் காலி டம்ளரோடு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும்போதும், இரண்டு தெருவுக்கு அப்பால் அவளே ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வண்டிகளை அனுப்பிக்கொண்டிருப்பாள்.

"அவளுக்கு எல்லாம் வரிசையா ஞாபகம் இருக்கு பாரு," என்பாள் அக்கா. அதில் பொறாமை எதுவும் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரியின் சாமர்த்தியத்தைச் சொல்வது போலத்தான் சொல்வாள்.

நான்கு மாதம் முன்பு அவள் மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை கால் தப்பித்தது. பேச்சு தப்பித்தது. என்னைத் திட்டும் திறமை முழுசாகத் தப்பித்தது. போனது ஒன்றே ஒன்றுதான். ஒரு வேலையை ஆரம்பித்தால், அதில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அவள் கையிலிருந்து நழுவிவிடும். பல் தேய்க்கப் போய் பேஸ்ட்டை விரலில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி நிற்பாள். ஒரு நாள் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, மேல் மாடி வீட்டுக்காரர் புகையைப் பார்த்துக் கதவைத் தட்டினார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அவளுக்கு ஏழு வயது இளையவள். வீட்டில் என் பெயர் கடுகு. சூடு பட்டால் வெடிப்பேன் என்பதால் வைத்த பெயர்; ஐம்பது வயதாகியும் யாரும் பெயரை மாற்றவில்லை, நானும் மாறவில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ப்ராசஸரை, அது தயாராவதற்கு முன்பே சோதித்துப் பார்ப்பது என் வேலை. அது எந்த இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும், எந்த இடத்தில் வெளியே வரத் தெரியாமல் சுற்றும் என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இருபத்து நான்கு வருடமாக இதுதான் பிழைப்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு இது நல்ல செருப்படியாக வந்து விழுந்தது.

புகை விஷயம் தெரிந்ததும் தம்பி வந்தான். வெளியூரில் இருப்பவன், நல்லவன், எதையும் முடிவு செய்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பான்.

"சின்னக்கா, பெரியக்காவ இனிமே தனியா விட முடியாது. எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு இல்லம் இருக்கு. நர்ஸ் இருக்காங்க, தோட்டம் இருக்கு. இடம் சொல்லி வச்சிட்டேன்."

"அவகிட்ட கேட்டியாடா?"

"கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு தெரியாதா?"

அக்கா அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே தலையணை உறையை மூன்று தரம் மடித்துப் பிரித்துவிட்டாள். அவள் அந்த வீட்டைத் தன் சம்பளத்தில் வாங்கியவள். கல்யாணம் வேண்டாம், சத்தம் வேண்டாம், ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் இரண்டு அறை போதும் என்று வாங்கிய வீடு. தலை நிமிராமல், "நான் இங்கதான் இருப்பேன்," என்றாள்.

என் வீட்டுக்கு வா என்று நான் கூப்பிட்டுப் பார்க்காமல் இல்லை. "உன்கூட ஒரு வாரம் இருக்கலாம் கடுகு. அதுக்கு மேல இருந்தா நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தி ஜெயிலுக்குப் போவா," என்றாள். உண்மைதான்.

தம்பியோடு நான் போட்ட சண்டையை இங்கே எழுதினால் பேப்பர் கருகிவிடும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வருவார். நோய் கண்டவர்கள் வீட்டில் தனியாகச் சமாளிக்க முடியுமா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. அக்கா யார் உதவியும் இல்லாமல் ஒரு டம்ளர் டீ போட்டு, அடுப்பை ஒழுங்காக அணைத்துவிட்டால், அவள் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை தம்பி கார் எடுத்துக்கொண்டு வருவான்.

ஒரு டீ. ஒரு மனுஷியின் வீடு ஒரு டீயில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் பச்சைத் திரைச்சீலையில் பட்டு, வீடு முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல ஆகிவிடும் நேரம் அது. நான் பழைய ஷூ டப்பாவை வெட்டி அட்டை செய்துகொண்டிருந்தேன். அக்கா எதிரில் உட்கார்ந்து கத்தரிக்கோல் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஆபீஸ்ல பாக்கற அந்த ப்ராசஸர் எவ்வளவு பெருசு இருக்கும்?" என்று திடீரென்று கேட்டாள். இருபத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

"உள்ள இருக்கற சிப்பு உன் கட்டை விரல் நகம் அளவுதான்."

"அவ்வளவு சின்னதா இருந்துக்கிட்டு எல்லாத்தையும் யோசிக்குதா?"

"யோசனையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதுக்குத் தெரிஞ்சது நாலஞ்சு வேலைதான். எடு. வை. கூட்டு. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார். அந்த வரிக்குப் போ. அவ்வளவுதான்."

"இதுக்கா இவ்வளவு அலட்டல்?"

"ஆனா ஒரு செகண்டுக்கு முன்னூறு கோடி துடிப்பு, அக்கா. உள்ள ஒரு கடிகாரம் துடிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு துடிப்புக்கு எல்லாரும் ஒரு அடி வைப்பாங்க. அடுத்த துடிப்புக்கு அடுத்த அடி. யாரும் முந்தறதும் இல்ல, பிந்தறதும் இல்ல."

சுவர்க் கடிகாரம் அந்த இடைவெளியில் இரண்டு டிக் சொன்னது. அக்கா அதை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும்னா யாரு?"

"சுவிட்ச். உள்ள பூரா சுவிட்ச்தான், கோடிக்கணக்குல. போட்டா ஒண்ணு, அணைச்சா பூஜ்யம். நம்ம மாடிப்படி லைட்டுக்கு மேல ஒரு சுவிட்ச், கீழ ஒரு சுவிட்ச் இருக்கில்ல? ரெண்டுல ஒண்ண மட்டும் போட்டா எரியும். ரெண்டையும் போட்டா அணைஞ்சிடும்."

"அதுல எத்தனை தடவை இருட்டுல முட்டிக்கிட்டிருக்கேன்."

"அதுதான் கூட்டல். ஒண்ணும் பூஜ்யமும் ஒண்ணு: எரியுது. ஒண்ணும் ஒண்ணும் கூட்டினா இந்த இடத்துல பூஜ்யம்: அணைஞ்சிடுச்சு. பக்கத்துல இன்னொரு லைட் இருக்கு, அது ரெண்டு சுவிட்சும் போட்டாத்தான் எரியும்னு வச்சுக்கோ. அதுதான் அடுத்த இடத்துக்குப் போற ஒண்ணு. இந்த மாதிரி ஜோடி ஜோடியா வரிசையா வச்சா எவ்வளவு பெரிய கணக்கும் போடலாம்."

அக்கா எழுந்து போய் மாடிப்படி விளக்கைப் போட்டாள். கீழே இறங்கிப் போய் அதை அணைத்தாள். மறுபடி மேலே வந்து போட்டாள். பட்டப்பகலில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்து எரிந்து அணைந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்காக எழுந்தாள் என்பதை மறந்துவிட்டாளோ என்று பயமாக இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"அதுக்குத் தெரியுமா, தான் என்ன பண்றோம்னு?"

"இந்த வரி என்னன்னு தெரியும். மொத்தமா என்ன நடக்குதுன்னு தெரியாது. உன் குரல்ல வண்டிய அனுப்பற கம்ப்யூட்டர் இருக்கே, அதுக்கு வண்டின்னா என்னன்னே தெரியாது."

"பாவம்," என்றாள் அக்கா. வெட்டிய அட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி, "எனக்குத் தெரியணும் கடுகு. டீ போட்டா, நான்தான் போட்டேன்னு எனக்குத் தெரியணும்," என்றாள்.

"முதல்ல டீ வரட்டும்," என்றேன். எனக்கு அப்போது அட்டைதான் முக்கியமாக இருந்தது.

பன்னிரண்டு அட்டை எழுதினேன். ஒரு அட்டைக்கு ஒரே ஒரு வேலை. பாத்திரத்தை எடு. ஒரு டம்ளர் பாலும் தண்ணீரும் ஊற்று. அடுப்பில் வை. அடுப்பைப் பற்ற வை. பாலைப் பார். ஆறாம் அட்டை: பொங்கி வருகிறதா? இல்லையென்றால் ஐந்துக்குப் போ. வந்தால் அடுப்பைக் குறை. பிறகு ஏழு, டீத்தூள். எட்டு, சர்க்கரை. இப்படியே பன்னிரண்டு வரை போய், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பார்ப்பதில் முடியும். கதவை ஒட்டி ஒரு கயிறு கட்டி, மேலிருந்து கீழாக மாட்டினேன்.

"ப்ராசஸரும் இப்படித்தான். வரி எல்லாம் மெமரில இருக்கும். ஒரு வரிய எடுத்து வரும், என்ன சொல்லுதுன்னு பாக்கும், செய்யும். மறுபடி எடுத்து வரும், பாக்கும், செய்யும். சாகற வரைக்கும் அதேதான்."

"அடுத்து எந்த வரின்னு அதுக்கு எப்படித் தெரியும்? அங்கதானே நான் கோட்டை விடறேன்."

"அதுக்குன்னு உள்ள ஒரு சின்ன இடம் இருக்கு. அதுல ஒரே ஒரு நம்பர். அடுத்து எந்த வரிங்கறது மட்டும். ஒரு வரி முடிஞ்சா ஒண்ணு கூடும்."

அக்கா எழுந்து பால்கனிக்குப் போனாள். துணிக் கொடியிலிருந்து ஒரு சிவப்புக் கிளிப்பை எடுத்து வந்து முதல் அட்டையின் ஓரத்தில் மாட்டினாள். "இதுவா?" என்றாள்.

அதேதான். எனக்கு அது தோன்றவே இல்லை.

சமையலறையையும் மாற்றினோம். ப்ராசஸருக்குக் கைக்குள்ளேயே சில இடங்கள் உண்டு. இப்போதைக்கு வேண்டியதை அங்கே வைத்துக்கொள்ளும். அடிக்கடி வேண்டியது பக்கத்தில் ஒரு சின்னக் கிடங்கில் இருக்கும். அதற்கு அப்புறம்தான் பெரிய மெமரி, அதற்கும் அப்பால் ஹார்ட் டிஸ்க். தூரம் கூடக் கூடக் கொண்டுவர நேரமாகும். நேரமானால் அக்கா மறந்துவிடுவாள். ஆகவே டீத்தூளும் சர்க்கரையும் அலமாரியிலிருந்து மேடைக்கு வந்தன. பரணில் இருந்த வடிகட்டி அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் ஏறியது. பரணில் எதற்கு வடிகட்டி இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், அவளுக்கும் தெரியவில்லை.

பயிற்சி நன்றாகவே போனது. ஒரு விஷயம் மட்டும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்கா ஒவ்வொரு அட்டையையும் ஸ்டேஷன் குரலில் அறிவித்தாள். "இரண்டாம் அட்டை. ஒரு டம்ளர் பாலும் தண்ணீரும் வந்துகொண்டிருக்கிறது."

"ப்ராசஸர் வாயத் திறக்காது. மனசுக்குள்ள படி," என்றேன்.

"நான் ப்ராசஸர் இல்லையே."

"ஆஸ்பத்திரிலேருந்து வரப்போற அந்த அம்மா முன்னாடி இப்படிக் கத்தினா, மூளை மொத்தமா போயிடுச்சுன்னு எழுதிக் குடுத்துடுவாங்க. பேசாம செய்."

அக்கா பேசாமல் செய்தாள். கிளிப் ஒவ்வொரு அட்டையாக இறங்கியது.

அந்த நாட்களில் மத்தியானம் சோபாவில் சாய்ந்தால் எனக்குப் பாதித் தூக்கம் வரும். வீடு சுருங்கிக்கொண்டே போய் நகத்தளவு ஆகும். சுவர்க் கடிகாரம் ஒரு டிக் சொன்னால் எங்கோ ஒரு கதவு திறக்கும், ஒரு கதவு மூடும். கோடிக் கதவுகள், அத்தனையும் பச்சை வெளிச்சத்தில். அவற்றின் வழியே அக்கா வெறுங்காலோடு, ஒரு கரண்டியை ஏந்திக்கொண்டு, டிக்குக்கு ஓர் அடியாக நடந்து போவாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. தூரத்தில் அவள் குரலே அவளுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கும். கண் விழித்தால் திரைச்சீலை அசையும், நாலு பத்து வண்டி போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை நான் ஆபீசுக்குப் போக வேண்டி வந்தது. அரை நாள்தான். காலை ஒன்பதுக்கு அக்கா முதல் அட்டையில் கிளிப்பை வைப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வரும்போது மணி ஒன்றரை.

அவள் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கிளிப்பை ஐந்திலிருந்து ஆறுக்கு மாற்றினாள். பாலைப் பார்த்தாள். கிளிப்பை ஆறிலிருந்து ஐந்துக்கு மாற்றினாள். பாலைப் பார்த்தாள். இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன.

"இன்னும் பொங்கல, கடுகு," என்றாள் மெதுவாக.

அடுப்பில் நெருப்பே இல்லை. சிலிண்டர் தீர்ந்திருந்தது. பாலில் சூடே ஏறவில்லை. அடுப்பைப் பற்ற வை என்றுதான் எழுதியிருந்தேன். பற்றியதா என்று பார்க்கச் சொல்லவில்லை. பொங்காவிட்டால் ஐந்துக்குப் போ என்றேன். எத்தனை தடவை போய்விட்டு நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. நாலரை மணி நேரம் அவள் நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டிருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைத் திட்டினேன். "கண்ணு இல்லையா உனக்கு? அடுப்பு எரியலன்னு தெரியாதா? இப்படியே நின்னு சாகப் போறியா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் கிளிப்பைப் பிடித்தபடி, "அட்டைல அப்படித்தான் போட்டிருக்கு," என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மாதிரி வெளியே வர வழியில்லாத சுற்றைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இருபத்து நான்கு வருடமாகச் சோறு போடுகிறார்கள். மண்டையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் பாதங்களை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தேன்.

"அழாத. உன் ப்ராசஸரும் இப்படி நிக்குமா?" என்று கேட்டாள்.

"நிக்கும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னேன். "காவலுக்கு ஒரு மணி வச்சிருப்போம். வேலை நல்லா நடக்குதுன்னா ப்ராசஸர் அப்பப்ப அந்த மணிய ஆரம்பத்துலேருந்து திருப்பி வைக்கணும். வைக்கலன்னா, சிக்கிக்கிச்சுன்னு அர்த்தம். மணி அடிச்சு எல்லாத்தையும் நிறுத்தி முதல்லேருந்து ஆரம்பிச்சிடும்."

"இவ்வளவு தெரிஞ்சவ எனக்கு ஏன் மணி வைக்கல?"

அன்று சாயங்காலமே சமையல் மணி ஒன்று வாங்கி வந்தேன், திருகி வைத்தால் ஏழு நிமிடத்தில் கணகணவென்று அடிப்பது. நாலாம் அட்டையில் 'நீல நெருப்பு தெரிகிறதா? இல்லையென்றால் கடுகுக்குப் போன் செய். தெரிந்தால் மணியைத் திருகி வை' என்று சேர்த்தேன். பொங்குவதற்கு முன்னால் மணி அடித்துவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டுக் கூப்பிட வேண்டும்.

இன்னொரு சிவப்பு அட்டையும் எழுதினேன். ப்ராசஸர் ஒரு வேலையில் இருக்கும்போது யாராவது கீபோர்டைத் தட்டினால், கையில் இருப்பதை ஓர் ஓரமாக வைத்து, எந்த வரியில் விட்டோம் என்று குறித்துக்கொண்டு, தட்டினவரைக் கவனித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வரும். அதனால்: 'போனோ காலிங் பெல்லோ அடித்தால் அடுப்பை அணை. கிளிப் அங்கேயே இருக்கட்டும். போ. திரும்பி வந்தால் அடுப்பைப் பற்ற வை. கிளிப் இருக்கும் அட்டையைச் செய்.'

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பயிற்சியாளர் வந்தார். ஒல்லியான, நிதானமான பெண். ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மடியில் தாளை வைத்துக்கொண்டார். என்னைச் சமையலறைக் கதவோரம் நிற்க அனுமதித்தார். ஒரே நிபந்தனை, வாயைத் திறக்கக் கூடாது. கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா குளித்து, தலை வாரி, ஸ்டேஷனுக்குப் போகிற நாட்களில் கட்டிக்கொள்ளும் கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தாள். முதல் அட்டை. இரண்டாம் அட்டை. நீல நெருப்பு வந்தது. மணியைத் திருகினாள். ஐந்து, ஆறு, ஐந்து, ஆறு என்று கிளிப் ஏறி இறங்கியது. பால் பொங்கி வந்தது. அடுப்பைக் குறைத்தாள், கிளிப்பை ஏழுக்கு இறக்கினாள், டீத்தூள் டப்பாவைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டாள்.

பயிற்சியாளர் கைப்பைக்குள் கையை விட்டார். கூடத்தில் போன் அடித்தது.

அக்கா ஒரு கணம் திகைத்தாள். கரண்டியை மேடையில் வைத்தாள். அடுப்பை அணைத்தாள். பிறகு, நான் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்த அதே ஸ்டேஷன் குரலில், நிமிர்ந்து நின்று அறிவித்தாள்:

"ஏழாம் அட்டை தாமதமாகும்."

சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனாள். எனக்கு மானமே போனது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. மேடையில் கிடந்த கரண்டி பழுப்பாக இருந்தது. தூளைப் போட்டுவிட்டாள்! கிளிப்பை இறக்க மறந்துவிட்டாள்! திரும்பி வந்து இன்னொரு தரம் போட்டால் டீ கறுத்துப் போகும், அந்த அம்மா எழுதுவார், ஞாயிற்றுக்கிழமை கார் வரும். நான் நின்ற இடத்திலிருந்து பாத்திரத்தின் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. ஓர் எட்டு உள்ளே வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கையை நீட்டி, கிளிப்பை ஏழிலிருந்து எட்டுக்கு இறக்கிவிட்டேன்.

அக்கா திரும்பி வந்தாள். போனில் யாரும் பேசவில்லை என்றாள். சிவப்பு அட்டையைப் பார்த்து அடுப்பைப் பற்ற வைத்தாள். கிளிப்பைப் பார்த்தாள். சர்க்கரை டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்தாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னல் வெளிச்சம் அவள் கையில் இருந்த மூடியில் விழுந்து கூரையில் ஒரு சின்ன வட்டமாக நடுங்கியது. கடிகாரம் டிக் டிக் என்றது. போச்சு, சிக்கிக்கொண்டாள், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பயிற்சியாளரின் பேனா தாளுக்கு மேல் அந்தரத்தில் இருந்தது. தூரத்தில் நடைமேடையிலிருந்து அவள் குரலின் ராகம் மட்டும் வந்து போனது.

"ஏழு," என்றாள் அக்கா.

கிளிப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏழுதான் தாமதம்னு அறிவிச்சேன். எட்டு இல்ல." பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "வெள்ளையா இருக்கு." டப்பாவை மூடி வைத்துவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "கடுகு, கிளிப்ப நீ நகர்த்தினியா?"

வாயைத் திறக்கக் கூடாதே. நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"உன்னத்தான் கேக்கறேன். நகர்த்தினியா இல்லையா?"

"நகர்த்தினேன்க்கா."

"இருபத்தாறு வருஷத்துல நான் சொன்ன பிளாட்பாரத்துல வேற வண்டி வந்ததில்ல. உன் வேலைய உன் ஆபீஸ்ல வச்சுக்கோ."

கிளிப்பை எடுத்து ஏழில் மாட்டினாள். "ஏழாம் அட்டை. டீத்தூள் ஒரு கரண்டி," என்று அறிவித்தாள். இந்த முறை யாருக்காகவும் குரலைத் தாழ்த்தவில்லை. பால் பழுப்பாக மாறியது. எட்டு, ஒன்பது, பத்து. வடிகட்டினாள். பன்னிரண்டாம் அட்டையில் அடுப்பைக் குனிந்து பார்த்து, திருகைத் தொட்டும் பார்த்தாள்.

பயிற்சியாளர் அந்த டீயை முழுவதும் குடித்தார். வாசல் வரை நான் கூடப் போனேன்.

"நீங்க கிளிப்ப நகர்த்தினத நான் பாத்தேன்," என்றார்.

"தப்புதாங்க. அதுக்காக அவங்களத் தயவுசெஞ்சு..."

"கேளுங்க. கிளிப்ப மட்டும் நம்பியிருந்தா அவங்க சர்க்கரை போட்ட பாலக் குடுத்திருப்பாங்க. நம்பல. நடுவுல நான் போன் அடிச்சுக் கலைச்சும், விட்ட இடத்த அவங்களே பிடிச்சு வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரில நாலு மாசமா இத நான் பாக்கல." தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "உங்க அக்கா பாஸ். நீங்கதான் ஃபெயில்."

தாளில் இப்படி இருந்தது: 'வீட்டில் தனியாக இருக்கலாம். தினம் ஒரு முறை போனில் விசாரித்தால் போதும். அறிவித்துக்கொண்டே செய்வது உதவுகிறது, தடுக்க வேண்டாம். சமையலறையில் தங்கையின் உதவி தேவையில்லை.' கடைசி வரியின் கீழே கோடு போட்டிருந்தார்.

தம்பிக்குப் போனில் படித்துக் காட்டினேன். "இடத்த வேண்டாம்னு சொல்லிடறேன் சின்னக்கா," என்றான். குரல் உடைந்திருந்தது. அவனும் அழுதான் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் என் பெட்டியைக் கட்டினேன். போகும்போது அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் டீத்தூள் வாசனை அடித்தது. "போ. வண்டி நாலு பத்துக்கு," என்றாள்.

ஸ்டேஷனில் இரண்டாம் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாயங்கால வெயில் தண்டவாளத்தில் நீளமாகப் படுத்திருந்தது. தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் அக்கா வண்டிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், பிழையே இல்லாமல், தனக்கு ஒன்றும் தெரியாமல். போன் அடித்தது.

"கடுகு, டீ போட்டேன்."

"தனியாவா? அடுப்பு அணைச்சியா? பன்னெண்டாவது அட்டை பாத்தியா?"

"பன்னெண்டும் பாத்தேன். பதிமூணும் பாத்தேன்."

"பதிமூணா? நான் பன்னெண்டுதானே எழுதினேன்?"

"பதிமூணு நான் எழுதினது. நீ குளிக்கப் போனப்ப."

"என்ன எழுதியிருக்க?"

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். ஒரு காதில் ஒலிபெருக்கி. இன்னொரு காதில் அதே குரல், கொஞ்சம் வயதாகி, கொஞ்சம் மூச்சு வாங்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பதிமூன்றாம் அட்டை. உட்கார்ந்து குடி. போட்டது நீதான்."

நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் டீயை உறிஞ்சும் சத்தம் போனில் கேட்டது. "கொஞ்சம் சர்க்கரை தூக்கலா போச்சு," என்றாள். எதிரில் ஒரு வண்டி வந்து நின்று, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிப் போனது. நான் ஏற வேண்டிய வண்டி அதுதான்.